ஓடவும் வைக்கும், காட்டியும் கொடுக்கும்

டைஃபாய்டு காய்ச்சலைத் தரும் சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியாவின் உடல் இரண்டு மூன்று மைக்ரான் நீளம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அந்த உடலைச் சுற்றி முளைத்திருக்கும் இழைகளோ உடலைவிட நீளம். ஒவ்வொன்றும் 5 முதல் 10 மைக்ரான் வரை போகும். தடிமன் மட்டும் 20 நானோமீட்டர்தான். சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லைக்குப் பத்து மடங்கு கீழே.

பள்ளிப் பாடம் இதைக் கசையிழை என்கிறது. 'பாக்டீரியா நீந்த உதவுவது' என்று ஒரு வரியில் முடித்தும் விடுகிறது. உண்மையில் இந்த இழைக்குப் பிறப்பு உண்டு, வளர்ப்பு உண்டு, ஓயாத உழைப்பு உண்டு, பகைவனிடம் மாட்டிக்கொள்ளும் கட்டமும் உண்டு. கடைசியில் அது நம் தெருமுனை லேப் தரும் ரிப்போர்ட்டில் ஓர் எழுத்தாக வந்து உட்காருகிறது. அது வரைக்குமான கதை இது.

உள்ளே தொடங்கும் பிறப்பு

வெளியே தெரியும் இந்த இழைக்கான வேலை செல்லுக்கு உள்ளே தொடங்குகிறது. இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி டைஃபியின் நெருங்கிய உறவான சால்மோனெல்லா டைஃபிமியூரியத்தையும், நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலையையும் வைத்து அறிந்தது. 50-க்கும் மேற்பட்ட ஜீன்கள் இந்தக் கட்டுமானத்தில் பங்கெடுக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதில்லை. ஒரு தலைமை ஜீன் தொகுதி முதலில் இயங்கும். அது அடுத்த வரிசையை எழுப்பும். அந்த வரிசையின் வேலை முடிந்தால்தான் கடைசி வரிசைக்கு உத்தரவு போகும்.

முதலில் உள் சவ்வில் ஒரு புரத வளையம் பதிகிறது. அதன் நடுவே ஓர் ஏற்றுமதி வாசல் அமைகிறது. இனி இந்தக் கட்டடத்துக்கான சரக்கெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். வளையத்திலிருந்து ஒரு தண்டு மேலே எழும்புகிறது. வழியில் செல்சுவர் மறிக்கிறது. தண்டோடு கூடவே வரும் ஒரு நொதி அந்த இடத்தில் மட்டும் சுவரைக் கரைத்து வழி விடுகிறது. தண்டு வெளிச் சவ்வையும் தாண்டியதும் அதன் நுனியில் ஒரு கொக்கி வளரத் தொடங்குகிறது.

கொக்கியின் நீளம் சுமார் 55 நானோமீட்டர். ஏறக்குறைய எல்லாக் கொக்கிகளும் இதே அளவில் நிற்கின்றன. காரணம், அளவு பார்ப்பதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. அது கொக்கியின் உள்ளே நீண்டு நீளத்தைச் சோதிக்கிறது. 'போதும்' என்ற நிலை வந்ததும் ஏற்றுமதி வாசலின் குணத்தையே மாற்றிவிடுகிறது. அதுவரை தண்டுக்கும் கொக்கிக்குமான புரதங்களை மட்டும் அனுப்பிய வாசல், இனி இழைக்கான புரதத்தை மட்டும் அனுப்பும்.

இங்கே ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. இழைக்கான புரதத்தின் பெயர் ஃபிளாஜெலின். கொக்கி முடியும்வரை அதைத் தயாரித்துப் பயனில்லை. எனவே ஒரு தடுப்புப் புரதம் அந்த ஜீனை இயங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கொக்கி முடிந்து வாசல் மாறியதும், அந்தத் தடுப்புப் புரதமே அதே குழாய் வழியாக வெளியே தள்ளப்படுகிறது. தடை நீங்கியதும் ஃபிளாஜெலின் உற்பத்தி தொடங்குகிறது. 1993-இல் கெல்லி ஹியூஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதைக் கண்டு சொன்னார்கள். கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஜீன்களுக்குச் சொல்ல அந்தக் கட்டடமே வழி வைத்திருக்கிறது.

நுனியில் வளரும் இழை

நம் முடியும் நகமும் அடியில் வளர்ந்து வெளியே தள்ளப்படுகின்றன. கசையிழை வளர்வது நுனியில். ஜப்பானின் மிஷிமாவில் ஆய்வு செய்த டெட்சுவோ இயினோ 1969-இல் இதை மெய்ப்பித்த விதம் எளிமையானது. புரதத்துக்குள் புகுந்துகொண்டு இழையின் வடிவத்தை மாற்றிவிடும் ஒரு செயற்கை அமினோ அமிலத்தை, ஏற்கெனவே இழை வளர்ந்திருந்த சால்மோனெல்லாவுக்கு ஊட்டினார். புதிதாக வளர்ந்த பகுதி மட்டும் சுருள் சுருளாக வந்தது. சுருள் இருந்த இடம் இழையின் வெளி நுனி.

அப்படியானால் சரக்கு அங்கே போவது எப்படி? இழை உள்ளே வெறும் குழாய். குழாயின் அகலம் இரண்டு நானோமீட்டர். ஏறத்தாழ 490 அமினோ அமிலங்கள் கொண்ட ஃபிளாஜெலின், மடிந்த நிலையில் அதில் நுழையாது. செல்லுக்குள் உருவான புரதம் மடிப்பு அவிழ்ந்து ஒற்றைச் சரமாகக் குழாயில் இறங்குகிறது. பல மைக்ரான் தூரம் உள்ளேயே பயணம் செய்து நுனிக்குப் போய்ச் சேருகிறது. அங்கே ஐந்து புரதங்களாலான ஒரு மூடி காத்திருக்கிறது. வந்து சேர்ந்த சரம் மூடியின் கீழே மடிந்து தனக்கான இடத்தில் பொருந்துகிறது. அடுத்தது வருகிறது, அதற்கடுத்தது வருகிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ 20,000 ஃபிளாஜெலின்கள் சேர்ந்தால் ஒரு முழு இழை. நீளம் கூடக் கூட, நுனிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. வளர்ச்சியும் மெல்ல மெல்லத் தளர்கிறது.

ஒசாகாவில் கெய்ச்சி நம்பாவின் குழு 2003-இல் இந்த இழையின் அமைப்பைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம் பிடித்தது. பதினொரு புரிகள் சேர்ந்து பின்னிய குழாய் அது. வடிவத்தில் நேரான குச்சியாக இல்லாமல் நெளிநெளியான திருகு. நீந்துவதற்கு அந்த நெளிவுதான் வேண்டும். ஏன் என்பதை அறிய மனிதர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் ஆயின.

பார்த்தவர்கள், பார்க்காதவர்கள்

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய, ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹுக் மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துத் தன் கண்ணாடிவில்லை வழியே பார்த்தார். 1676-ஆம் ஆண்டு அது. காரத்துக்கான காரணம் அகப்படவில்லை. தண்ணீரில் நடமாடிய உயிர்கள் அகப்பட்டன. லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவற்றை விவரித்தார். அவை நகர்வது தெரிந்தது. எதைக்கொண்டு நகர்கின்றன என்பது தெரியவில்லை.

பிறகு வந்தவர்கள், கொஞ்சம் தடித்த இழைக் கற்றைகளை அரிதாகப் பார்த்தார்கள். ராபர்ட் கோக் 1877-இல் புகைப்படமே எடுத்தார். ஆனால் வேண்டியபோதெல்லாம் பார்க்க வழி செய்தவர் ஃபிரெடரிக் லோஃப்லர். 1889-இல் அவர் முதலில் டானினும் இரும்புச் சல்பேட்டும் கலந்த கரைசலில் பாக்டீரியாவை நனைத்தார், அதன்பின் சாயம் ஏற்றினார். துணியில் சாயம் பிடிக்கச் சாயப் பட்டறைகளில் பயன்படும் அதே டானின்தான். அது இழைமேல் படிந்து படிந்து தடிமனைக் கூட்டியது. கண்ணுக்குத் தெரியாத இழை, தடித்த சாயக் கோடாக நுண்ணோக்கியில் வந்து நின்றது.

இழை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது? விந்தணுவின் வால் இருபுறமும் அடித்துத் துடிக்கிறது. பாக்டீரியாவின் இழையும் அப்படித்தான் நெளிகிறது என்றே வெகுகாலம் பலரும் நம்பினார்கள். உயிருள்ள உடம்பில் ஒரு பாகம் அச்சில் சக்கரம்போல முழுச் சுற்றுச் சுற்ற முடியும் என்று யாருக்கும் எளிதில் தோன்றவில்லை.

1973-இல் ஹாவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும், அதுவரை கிடைத்திருந்த சான்றுகளையெல்லாம் அலசி, இழை சுழல்கிறது என்று எழுதினார்கள். மறு ஆண்டு மைக்கேல் சில்வர்மனும் மெல்வின் சைமனும் அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். கசையிழையை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொண்டு, பாக்டீரியாவின் இழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்தார்கள். இழை நகர முடியாது. ஆனால் இழையின் அடியில் அதைச் சுழற்றும் மோட்டார் நிற்கவில்லை. இழையைச் சுற்ற முடியாதபோது அது உடலைச் சுற்றியது. நுண்ணோக்கியின் கீழே முழுப் பாக்டீரியாவும் ஒரே இடத்தில் நின்றபடி வட்டமடித்தது. கொஞ்ச நேரம் ஒரு பக்கம், பிறகு சட்டென்று எதிர்ப்பக்கம். நெளிவதாக இருந்தால் இப்படி வட்டமடிக்கவே முடியாது. விவாதம் அத்தோடு முடிந்தது.

பாகில் நீச்சல்

மோட்டாரின் சுழலும் பகுதி 45 நானோமீட்டர் அகலம். இதற்கு எரிபொருள், சவ்வுக்கு வெளியே குவிந்திருக்கும் புரோட்டான்கள். சவ்வில் பதிந்த சிறு புரத வழிகளில் அவை உள்ளே பாயும்போது மோட்டார் நகர்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் புரோட்டான்கள் செலவு. நொடிக்கு நூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் சாதாரணம். கடல்நீரில் வாழும் விப்ரியோ ஆல்ஜினோலிடிகஸ் சோடியத்தில் ஓடும் மோட்டாரை வைத்திருக்கிறது. 1994-இல் அதில் நொடிக்கு 1,700 சுற்றுகள் வரை அளந்தார்கள். அந்தப் புரோட்டான் வழி ஒவ்வொன்றுமே ஒரு குட்டி மோட்டார் என்று 2020-இல் வந்த படங்கள் காட்டின. நடுவே இரண்டு புரதங்கள், சுற்றிலும் ஐந்து. இந்த ஐந்து சுழன்று பெரிய வளையத்தைத் தள்ளுகின்றன என்பது இப்போதைய விளக்கம்.

இத்தனை வேகம் எதற்கு? அந்த அளவில் தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீராக இருப்பதில்லை. வெல்லப்பாகில் இறங்கி நீந்தச் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் பாக்டீரியாவுக்கு. கையைத் தள்ளிவிட்டு அந்த வேகத்தில் கொஞ்சம் மிதந்து போகலாம் என்பது அங்கே நடக்காது. இயற்பியலில் 1952-இல் நோபல் பரிசு பெற்ற எட்வர்ட் பர்செல் 1977-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். மோட்டாரை நிறுத்திய பிறகு பாக்டீரியா போகும் தூரம், ஓர் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. முன்னும் பின்னும் ஒரேமாதிரி துடுப்புப் போட்டாலும் பயனில்லை, முன்னே போன தூரமெல்லாம் பின்னே வந்துவிடும். திருகு வடிவ இழை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் முன்னேறலாம். நெளிவு எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

சால்மோனெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இழைகள் பல. எல்லா மோட்டார்களும் இடஞ்சுழியாகச் சுற்றும்போது இழைகள் பின்னால் ஒரே கற்றையாகத் திரண்டு உடலைத் தள்ளுகின்றன. ஈ.கோலை நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் பத்து மடங்கு தூரம் பாய்கிறது. ஏதாவது ஒரு மோட்டார் வலஞ்சுழியாகத் திரும்பினால் கற்றை அவிழ்கிறது. உடல் இருந்த இடத்திலேயே தடுமாறிப் புரள்கிறது. மறுபடி கற்றை சேரும்போது முகம் வேறு பக்கம் பார்க்கிறது. பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் 1972-இல் பாக்டீரியா நகர நகர அதைப் பின்தொடரும் நுண்ணோக்கி ஒன்றைச் செய்து இதை அளந்தார்கள். ஏறத்தாழ ஒரு நொடி ஓட்டம், பத்தில் ஒரு பங்கு நொடி தடுமாற்றம், மறுபடி ஓட்டம்.

எந்தப் பக்கம் போவது என்பதை பாக்டீரியா நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. சில நொடிகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது உணவு கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கூடியிருந்தால் தடுமாற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, ஓட்டம் நீள்கிறது. குறைந்திருந்தால் சீக்கிரமே தடுமாறி வேறு திசை தேடுகிறது. விஸ்கான்சினில் ஜூலியஸ் ஆட்லர் 1960-களில், உணவை வெறுமனே கரைத்துத் தின்பதால் பாக்டீரியா இப்படிச் செய்யவில்லை, அதை உணரும் தனிப் புரதங்கள் இருக்கின்றன என்று நிறுவினார். திசை தெரியாமலே சரியான இடத்துக்குப் போய்ச் சேரும் வித்தை இது.

பங்காளிகள்

நகர்வதற்கு இந்த ஒரு வழிதான் என்றில்லை. நான்காம் வகைப் பிலி என்ற மெல்லிய இழை சுழல்வதே இல்லை. நீண்டு போய் எதையாவது பற்றிக்கொள்கிறது, பிறகு உள்ளிழுத்துக்கொள்கிறது, உடல் முன்னே இழுபடுகிறது. மேகவெட்டை நோய்க்கிருமியான நைசீரியாவும், மருத்துவமனைகளில் தொல்லை தரும் சூடோமோனாஸும் இப்படி ஈரமான பரப்புகளில் தவழ்கின்றன. இந்த இழுவிசையை 2000-இல் அலெக்ஸி மெர்ஸும் மைக்கேல் ஷீட்ஸும் அளந்து காட்டினார்கள்.

கசையிழைக்கு இன்னொரு பங்காளியும் உண்டு. அது ஓடுவதில்லை, குத்துகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்றுமதி வாசலில் இழைக்குப் பதில் ஊசி. சால்மோனெல்லா நம் குடல் செல்லைத் தொட்டதும் அந்த ஊசி வழியாகத் தன் புரதங்களை உள்ளே செலுத்துகிறது. செல் அதை வாரி உள்ளே எடுத்துக்கொள்கிறது. கசையிழை கிருமியைக் குடலின் சளிப் படலத்தினூடே செல்லின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. கதவைத் திறப்பது இந்த ஊசி.

மாட்டிக்கொள்ளும் இடம்

இழையின் வாழ்க்கை இங்கே திசை திரும்புகிறது. பாக்டீரியா ஃபிளாஜெலினின் நடுப்பகுதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குழாயைப் பின்னும் இரு முனைகளை அவ்வளவாக மாற்ற முடியாது. மாற்றினால் இழை பின்னாது, ஓட்டம் நின்றுபோகும். நம் உடல் குறிவைப்பது அந்த மாறாத பகுதியைத்தான். ஃபிளாஜெலினை அடையாளம் காணும் டிஎல்ஆர்-5 என்ற உணர்புரதம் நம் செல்களில் இருப்பது 2001-இல் தெரிந்தது. தாவரங்களும் சளைத்தவை இல்லை. இதே புரதத்தின் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை வைத்தே பாக்டீரியா வந்திருக்கிறது என்று அவை கண்டுபிடிக்கின்றன.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. சால்மோனெல்லா டைஃபிமியூரியம் இருவகை ஃபிளாஜெலின் ஜீன்களை வைத்திருக்கிறது. டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டு தலைகீழாகப் புரளும்போது ஒன்று அணைந்து மற்றது இயங்குகிறது. ஒருவகை இழைக்கு எதிராக உடல் ஆன்டிபாடியோடு தயாரானால், இன்னொரு வகை இழையோடு சில பாக்டீரியாக்கள் தப்பிவிடும். டைஃபி பெரும்பாலும் ஒரே வகை இழையோடு காலம் தள்ளுகிறது. ஆனால் அதனிடம் வேறு தந்திரம் உண்டு. குடல் சுவருக்குள் நுழைந்ததும் ஃபிளாஜெலின் உற்பத்தியையே குறைத்துக்கொள்கிறது. சேரவேண்டிய இடம் சேர்ந்தாயிற்று, இனி இந்த இழையால் ஆபத்துதான் மிச்சம்.

அதற்குள் உடல் இழையைப் பார்த்துவிட்டிருக்கும். அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் ஓடத் தொடங்கியிருக்கும்.

ரிப்போர்ட்டில் ஓர் எழுத்து

1896-இல் பாரிஸ் மருத்துவர் ஃபெர்னான் விடால், டைஃபாய்டு நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தை, துடிப்பாக நீந்திக்கொண்டிருந்த டைஃபாய்டு கிருமிகளோடு கலந்தார். நுண்ணோக்கியின் கீழே ஓட்டம் தளர்ந்தது, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாயின. இதையே நோயைக் கண்டறியும் சோதனையாக்கினார். 1903-இல் தியோபால்ட் ஸ்மித்தும் ரீகும், உடலில் ஒட்டும் ஆன்டிபாடி வேறு, கசையிழையில் ஒட்டும் ஆன்டிபாடி வேறு என்று பிரித்துக் காட்டினார்கள்.

இன்றும் காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் நம்மூரில் எடுக்கச் சொல்லும் விடால் டெஸ்ட் அதன் வழிவந்ததுதான். ரிப்போர்ட்டில் 'எஸ். டைஃபி ஓ', 'எஸ். டைஃபி எச்' என்று இரண்டு வரிகள் இருக்கும். ஓ என்பது கிருமியின் உடல் மேற்பரப்பு. எச் என்பது கசையிழை. எச் வரியில் 1:160 என்று போட்டிருந்தால், உங்கள் சீரத்தை 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது கசையிழைகளைப் பற்றிக் கிருமிகளைக் கட்டியாக்கியது என்று பொருள். சில்வர்மனும் சைமனும் இழையைக் கண்ணாடியில் ஒட்டியதும் இதே பிடியால்தான். உலகத்தின் 2,500-க்கும் மேற்பட்ட சால்மோனெல்லா வகைகளைப் பிரித்து அடையாளம் வைத்திருப்பதும் பெரும்பாலும் இந்த ஓ, எச் இரண்டையும் வைத்துத்தான்.

ஆனால் அந்த எச் வரி சொல்வது, உங்கள் உடல் இந்த இழையை எப்போதோ பார்த்திருக்கிறது என்பதை மட்டும்தான். இப்போது கிருமி ஓடுகிறதா என்று அது சொல்லாது. எச் ஆன்டிபாடி, பழைய டைஃபாய்டுக்குப் பிறகும் நெடுநாள் ரத்தத்தில் தங்கும். வேறு சால்மோனெல்லா வந்து போயிருந்தாலும் எண் உயரலாம். வேறு காய்ச்சலிலும் பழைய ஆன்டிபாடி மறுபடி தலைதூக்கலாம். டைஃபாய்டு சகஜமாக இருக்கும் ஊரில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே ஓரளவு எண் இருக்கும். அதோடு, நோயின் முதல் நாட்களில் ஆன்டிபாடி உருவாகியே இருக்காது. அப்போது உண்மையான டைஃபாய்டுகூட இந்த டெஸ்டில் தப்பிவிடும்.

கிருமியையே வளர்த்துப் பார்ப்பது பிளட் கல்ச்சர். அதிலும் எல்லா நோயாளிகளிடமும் கிருமி சிக்குவதில்லை. ஆனால் சிக்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. எந்த மருந்து அதற்குக் கேட்கும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஒருகாலத்தில் டைஃபாய்டுக்குக் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இந்தியாவில் பெருமளவு பலனிழந்துவிட்ட நிலையில் இது சின்ன விஷயமில்லை. எனவே ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். காய்ச்சல் தொடர்ந்தால் பிளட் கல்ச்சர் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவை என்றால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.